பெல்ட் வண்டி அறுப்பில் வைக்கோல் வரிசையடியில் நெல் கொட்டுகிறது: வேகமா, டிரம்மா, காற்றா?

மன்னை_சம்பா (கேள்வி)

மன்னார்குடிப் பக்கம், சம்பா, பிபிடி 5204 ரக நெல். வாடகைக்கு வந்த பெல்ட் வண்டியில் (டயருக்குப் பதில் ரப்பர் பட்டையில் ஓடும் அறுவடை இயந்திரம்) அறுத்தது. கத்தி அகலம் 2 மீட்டர். ஏக்கருக்கு 40 கிலோ மூட்டையில் 55 மூட்டை. வைக்கோலைக் கட்டி எடுத்த பிறகு ஒரு தூறல் போட்டது. வைக்கோல் விழுந்த வரிசை மட்டும் நாற்றங்கால் மாதிரி பச்சையாக முளைத்து நிற்கிறது. வரிசைக்கு வரிசை நடுவில் அவ்வளவு இல்லை.

முளைக்காத ஓர் இடத்தில் ஓரடிக்கு ஓரடி சட்டம் போட்டு எண்ணியதில், வைக்கோல் வரிசையில் 176 மணி. வரிசைக்கு வெளியே 18. வைக்கோல் விழும் அகலம் ஏறக்குறைய 1 மீட்டர்.

அறுப்பு தொடங்கியது காலை 8 மணிக்கு, பனி இருந்தது. ஓட்டுநர் "பயிர் முத்திப்போச்சு, அதான் கொட்டுது" என்கிறார். வண்டியின் டேங்கில் சேர்ந்த நெல் சுத்தமாகத்தான் இருந்தது.

ஏக்கருக்கு எவ்வளவு போயிருக்கும், வண்டியின் எந்த இடத்தில் போகிறது என்று தெரிய வேண்டும். இன்னும் பத்து நாளில் 2 ஏக்கர் சிஆர் 1009 அறுக்க இருக்கிறது, அதில் கால்வாசி சாய்ந்து கிடக்கிறது. அதற்கு ஓட்டுநரிடம் என்ன கேட்க வேண்டும், எதை நாமே பார்க்க வேண்டும்?

---

வரப்புக்கணக்கு

சட்டம் போட்டு எண்ணியது நல்ல வேலை. முளைப்பைக் கண்ணால் பார்த்து மதிப்பிட்டால் எப்போதும் தப்பும். 2 மீட்டர் அகலத்துப் பயிர் முழுவதும் 1 மீட்டர் வரிசையில் வந்து விழுவதால் இழப்பு இரண்டு மடங்காகத் தெரியும்.

ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. பிபிடி 5204 ஆயிரம் மணி 15 கிராம் என்று வைத்துக்கொண்டால், சதுர அடிக்கு ஒரு மணி கொட்டினால் ஏக்கருக்கு சுமார் 650 கிராம். சிஆர் 1009 கனமான நெல், ஆயிரம் மணி 23 முதல் 24 கிராம் வரும். அதற்குச் சதுர அடிக்கு ஒரு மணி என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. இந்த ஒன்றை நினைவில் வைத்தால் வயலிலேயே மனக்கணக்காகப் போட்டுவிடலாம்.

உங்கள் எண்ணிக்கைக்கு வருவோம். 2 மீட்டர் அகலத்தில் பாதி 176, மறுபாதி 18. சராசரி 97. அதை 0.65 ஆல் பெருக்கினால் ஏக்கருக்கு 63 கிலோ. 2,200 கிலோ விளைச்சலில் இது மூன்று சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. சுமார் ஒன்றரை மூட்டை.

இந்த 97-ல் வரிசைக்கு வெளியே கிடந்த 18 வண்டிக்குள் போகாமலே விழுந்தது. தானாக உதிர்ந்ததும் முன்பக்கத்தில் ரீலும் (பயிரைக் கத்திப் பக்கம் வளைத்துக் கொடுக்கும் சுழல் சட்டம்) கத்தியும் உதிர்த்ததும் அதில் அடக்கம். மீதி 79 மணி வண்டியின் வயிற்றுக்குள் போய்ப் பின்னால் வந்தது, அதாவது ஏக்கருக்கு 51 கிலோ. பயிர் முற்றியதுதான் காரணம் என்றால் நடுவில் உள்ள 18-தான் கூடியிருக்க வேண்டும். அது குறைவாகத்தான் இருக்கிறது. எனவே ஓட்டுநர் சொன்ன காரணம் இந்த வயலுக்குப் பொருந்தாது.

அடுத்த முறை இன்னும் தெளிவாகப் பிரிக்க ஒரு வழி. வண்டி முழு வேகத்தில் அறுத்துக்கொண்டிருக்கும்போது சட்டென நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு வண்டி நீளத்துக்குப் பின்னால் எடுக்கச் சொல்லி, மூன்று இடத்தில் எண்ண வேண்டும். இன்னும் அறுக்காத பயிருக்குள் எண்ணினால் தானாக உதிர்ந்தது தெரியும். கத்தி அறுத்து முடித்து, பின்பக்கத்துத் தாள் இன்னும் விழாத இடத்தில் எண்ணினால், அதோடு ரீலும் கத்தியும் உதிர்த்ததும் சேர்ந்து வரும். பின்னால் விழுந்த இடத்தில் எண்ணினால் எல்லாம் சேர்ந்தது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். பின்னால் வைக்கோல் வரிசையில் கழித்து வந்ததை மட்டும் பாதியாக்க வேண்டும், 2 மீட்டர் பயிர் 1 மீட்டரில் விழுவதால். ஒவ்வொரு இடத்திலும் மூன்று முறையாவது சட்டம் போடுங்கள். ஒரு சட்டத்தை நம்பக்கூடாது.

இன்னொன்று. களத்தில் எடை குறைந்ததையும் பலர் வண்டி இழப்பில் சேர்த்துவிடுகிறார்கள். 22 சதவீத ஈரத்தில் 2,200 கிலோ இருந்த நெல், கொள்முதல் நிலையம் கேட்கும் 17 சதவீதத்துக்குக் காய்ந்தால் 2,067 கிலோதான் நிற்கும். 133 கிலோ வெறும் தண்ணீர். உங்கள் வயலில் கொட்டியது மொத்தம் 63 கிலோ, வெயில் எடுத்தது அதைப்போல இரண்டு பங்கு. 55 மூட்டை என்பது ஈரநெல் எடையா, காய்ந்த எடையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

---

பட்டறை_திருவாரூர்

கணக்கு சரி. 51 கிலோ எங்கே போனது என்று பார்ப்போம்.

முதலில் வைக்கோல் கட்டு ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். கதிரிலேயே மணி ஒட்டிக்கொண்டிருந்தால் டிரம் (கதிரை அடித்து மணியைப் பிரிக்கும் உருளை) சரியாக அடிக்கவில்லை. கதிர் காலியாக இருந்து, தாளுக்கு இடையில் உதிரி நெல் சிக்கியிருந்தால் அடித்த நெல் டிரம்முக்குக் கீழே உள்ள வலை வழியாக இறங்காமல் தாளோடு வெளியே போகிறது. தாளில் ஒன்றும் இல்லாமல், தரையில் சண்டும் (நொறுங்கிய தாள்தூசி) பதரும் குவிந்த இடத்தில் நெல் கலந்து கிடந்தால் அது சல்லடை விட்ட நெல். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. சில சமயம் ஒன்றுக்குச் செய்வது இன்னொன்றைக் கெடுக்கும்.

கதிரில் மணி நின்றால்: டிரம் சுற்று குறைவு, பல் தேய்ந்தது, அல்லது டிரம் பெல்ட் நழுவுகிறது. பல் டிரம்முக்கு நுனி வேகம் விநாடிக்கு 12 முதல் 16 மீட்டர் என்பது நெல்லுக்கான பொதுக் கணக்கு. பல்நுனிக்குப் பல்நுனி 60 செ.மீ. விட்டம் இருந்தால், 14 மீட்டருக்கு நிமிடத்துக்குச் சுமார் 445 சுற்று வரும். தாள் டிரம்மின் நீளவாக்கில் சுற்றிக்கொண்டே போகும் வகை வண்டிகளில் சில இதற்கு மேலும் ஓடும். அதனால் வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் எண்தான் முதலில். பல்லுக்கும் வலைக்கும் இடைவெளி 25 மி.மீ. அளவில் இருக்கலாம். பல் தேயத் தேய இந்த இடைவெளி விரியும். பல்லின் முன்முகம் உருண்டு போயிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். போல்ட் போட்ட பல்லாக இருந்தால் கழற்றித் திருப்பிப் போட்டு மறுமுகத்தை ஓட்டலாம். புதிதாக மாற்றும்போது ஒன்றை மட்டும் மாற்றக்கூடாது. எதிர்ப்பக்கத்துப் பல்லையும் சேர்த்து மாற்றாவிட்டால் டிரம் எடை ஒருபக்கம் கூடி பேரிங் போகும்.

தாளோடு உதிரி நெல் போனால்: ஒரே நேரத்தில் உள்ளே போகும் தாள் அதிகம், அல்லது தாள் ஈரம். நெல்லுக்கு இது தனிச் சங்கடம். கோதுமை முற்றும்போது தாளும் காய்ந்துவிடும். நெல் முற்றினாலும் தாள் பச்சையாகவே நிற்கும். அதன்மேல் காலை 8 மணிப் பனி. ஈரத்தாள் டிரம்முக்குள் மெத்தை மாதிரி சுருண்டு, அடிபட்ட மணி அதைத் தாண்டி வலைக்கு வரவே முடியாது. இந்த வகை வண்டிகள் பலவற்றில் டிரம் மேல்மூடிக்குள் சாய்வுத் தகடுகள் இருக்கும், அதற்கு ஒரு லீவர். தகட்டை மூடும் பக்கம் தள்ளினால் தாள் டிரம்முக்குள் கூடுதல் நேரம் சுற்றும், நெல் நன்றாகப் பிரியும், எஞ்சினுக்குச் சுமை ஏறும். திறந்தால் தாள் சீக்கிரம் வெளியே போகும், அடைப்பு வராது, ஆனால் நெல்லும் சேர்ந்து போகும். ஈரப்பயிரில் டிரம் அடைக்காமல் இருக்க ஓட்டுநர் திறந்து வைப்பார். அது தப்பில்லை. பதினோரு மணிக்குத் தாள் காய்ந்த பிறகும் திரும்ப மூடாமல் விடுவதுதான் தப்பு. சாயங்காலம் வரை அப்படியே ஓடும்.

சல்லடையில் போனால் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

டிரம் மூடியைத் திறப்பதாக இருந்தால் எஞ்சினை அணைத்துச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு திறக்க வேண்டும். அணைத்த பிறகும் டிரம் சில விநாடி சுற்றும். நின்றதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

---

தென்கரை_விவசாயி

சல்லடைப் பக்கம் போகிறது என்றால் புளோயர் காற்றைக் குறைக்கச் சொல்லுங்கள், முடிந்தது. காற்று அதிகமானால் நல்ல நெல்லும் பதரோடு பறக்கும். ஷட்டரைப் பாதி மூடினால் போதும்.

---

மன்னை_சம்பா

இரண்டு கட்டு பிரித்துப் பார்த்தேன். கதிரில் மணி அபூர்வம், ஒரு கட்டில் ஏழெட்டுக் கதிரில் இரண்டு மூன்று மணி. தாளுக்குள் உதிரி நெல் கொஞ்சம் இருக்கிறது. பெரும்பகுதி தரையில் சண்டோடு கலந்துதான் கிடக்கிறது.

டேங்கிலிருந்து எடுத்து வைத்த நெல்லில் 500 மணி எண்ணியதில், உமி கழன்று அரிசியாக வந்ததும் உடைந்ததும் சேர்த்து 14. எஞ்சின் சத்தம் மெதுவாகத்தான் இருந்தது, டீசல் மிச்சம் என்று ஓட்டுநர் திராட்டிலைக் குறைத்து வைத்திருந்தார். வண்டி நல்ல வேகமாக நகர்ந்தது. 30 மீட்டர் வரப்பை 24 விநாடியில் கடந்தது, செல்போன் வீடியோவில் பார்த்துச் சொல்கிறேன்.

---

பட்டறை_திருவாரூர்

இந்த விவரம் போதும், விஷயம் பிடிபட்டுவிட்டது.

தென்கரை அண்ணன் சொன்னது பாதிதான் உண்மை. காற்று அதிகமானால் நெல் பறக்கும், சரி. காற்று குறைந்தாலும் நெல் போகும். இதைத்தான் பலர் நம்ப மாட்டேன் என்கிறார்கள். சல்லடைமேல் வரும் சண்டையும் பதரையும் காற்று தூக்கிப் பிடிக்க வேண்டும், அப்போதுதான் நெல் இடையில் புகுந்து கீழே விழும். காற்று போதாவிட்டால் சண்டு சல்லடைமேல் பாயாகப் படியும். நெல் அந்தப் பாயின்மேல் சவாரி செய்துகொண்டு பின்னால் போய் விழும். இந்த நிலையில் ஷட்டரை மூடினால் இழப்பு இன்னும் கூடும்.

மன்னை வண்டியில் திராட்டில் குறைவு. வண்டிக்குள் டிரம், புளோயர், சல்லடை ஆட்டம், எலிவேட்டர் எல்லாம் எஞ்சினிலிருந்து பெல்ட்டிலும் செயினிலும் ஓடுகின்றன. எஞ்சின் சுற்று 20 சதவீதம் இறங்கினால் டிரம் 20 சதவீதம் இறங்கும். புளோயர் காற்றின் அளவும் அதே 20 சதவீதம் குறையும். ஆனால் காற்றின் அழுத்தம் சுற்றின் வர்க்கத்தில் இறங்கும்: 0.8 பெருக்கல் 0.8, அதாவது 0.64. சண்டைத் தூக்கும் வலு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. நகரும் வேகத்தை மட்டும் எச்.எஸ்.டி. என்ற வேக லீவரை முன்னால் தள்ளிச் சரிக்கட்டியிருக்கிறார். வாய்க்குள் அதே சோறு போகிறது, வயிறு மட்டும் மெதுவாக வேலை செய்கிறது.

24 விநாடிக்கு 30 மீட்டர் என்றால் மணிக்கு 4.5 கி.மீ. ஈரத்தாளும் குறைந்த எஞ்சின் சுற்றுமாக இருக்கும்போது அது அதிகம்.

500-க்கு 14 என்பது 2.8 சதவீதம், கூடுதல்தான். 500-க்கு 5 மணிக்குள் இருந்தால் நல்லது, 10 மணியைத் தாண்டினால் எங்கே என்று தேட வேண்டும். வழக்கமாக அரிசி விழுந்தால் டிரம் சுற்று அதிகம் என்போம். இங்கே சுற்று குறைவாக இருக்கும்போதே அரிசி விழுகிறது. அப்படியானால் முதலில் ரிட்டர்ன் பக்கம் சந்தேகப்பட வேண்டும். சல்லடையில் இறங்காத நெல்லும் அரைகுறைக் கதிரும் ரிட்டர்ன் வழியாகத் திரும்ப அடிபடப் போகும். காற்று குறைந்து சல்லடை அடைத்தால் நல்ல நெல்லே திரும்பத் திரும்ப அந்தச் சுற்றில் போய் உமி கழலும். டேங்க் சுத்தமாக இருந்ததும் இதோடு பொருந்துகிறது. சல்லடைத் தகடு நெருக்கமாக மூடியிருந்தால் டேங்குக்குச் சுத்தமான நெல் வரும், மீதி ரிட்டர்னுக்கும் தரைக்கும் போகும். டேங்க் நெல் மிகவும் சுத்தமாக இருப்பது எப்போதும் நல்ல அறிகுறி இல்லை. இரண்டொரு பதர், ஓரிரண்டு துண்டுத் தாள் வருகிற மாதிரி வைத்தால் இழப்பு குறையும்.

இதைவிட்டால் டேங்குக்கு நெல்லை ஏற்றும் ஆகர் (திருகு) பிளேடு தேய்ந்து கூர்மையாக நிற்பது, எலிவேட்டர் செயின் தளர்ந்து நெல்லை நசுக்குவது. அடுத்து அவற்றைப் பாருங்கள்.

சந்தேகம் தீர ஒரு சோதனை. முழுச் சுமையில் அறுக்கும்போது எஞ்சினைச் சட்டென அணைக்கச் சொல்லுங்கள். மெல்லக் குறைத்து அணைத்தால் சல்லடை தன்னைத்தானே காலி செய்துவிடும், ஒன்றும் தெரியாது. அணைந்து எல்லாம் நின்றதும் பின்பக்கத்தைத் திறந்து சல்லடைமேல் பாருங்கள். முன்பக்கம் நெல் கனமாகவும் பின்பக்கம் போகப் போக வெறும் சண்டாகவும் இருந்தால் சரி. கடைசி விளிம்பு வரை நெல் இருந்தால் காற்றோ தகட்டுத் திறப்போ போதவில்லை. ஒரு பக்கம் மட்டும் குவிந்திருந்தால் வண்டி சாய்ந்து ஓடியிருக்கிறது. சேற்றுத் தடத்தில் ஒரு பெல்ட் இறங்கி ஓடும்போது நெல் முழுக்கத் தாழ்ந்த பக்கம் சேர்ந்துகொள்ளும், அந்தப் பக்கத்துச் சல்லடை மூச்சுத் திணறும். இந்தச் சோதனையை ஒரு வயலுக்கு ஒருமுறை செய்தால் போதும். திரும்பக் கிளப்பும்போது டிரம்மில் நிற்கும் தாளைக் கொஞ்சம் எடுத்துவிட்டால் பெல்ட்டுக்கு நல்லது.

சரிசெய்யும் வரிசையும் முக்கியம். முதலில் திராட்டிலை மீட்டரில் குறித்த இடத்துக்கு ஏற்றுங்கள். நகரும் வேகத்தை லீவரில் குறையுங்கள். இரண்டையும் செய்துவிட்டு எண்ணிப் பாருங்கள். அதற்கும் குறையாவிட்டால் சல்லடைத் தகட்டை ஒரு படி திறங்கள். கடைசியாகத்தான் காற்று ஷட்டர். ஒரே நேரத்தில் மூன்றையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது.

---

தென்கரை_விவசாயி

சண்டு பாயாகப் படிவது பற்றி யோசிக்கவில்லை. சரிதான். காற்று அதிகமா குறைவா என்று வெளியிலிருந்தே தெரிந்துகொள்ள வழி உண்டா?

---

பட்டறை_திருவாரூர்

ஓரளவு உண்டு, அண்ணே. விழுந்த நெல்லை அள்ளி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் கருக்காயும் அரைப்பால் மணியுமாக இருந்து, பதர் வண்டிக்கு வெகு தூரம் பின்னால் சிதறியிருந்தால் காற்று கூடுதல். முழு மணியாக, கனமான நல்ல நெல்லாக, சண்டுக்கு அடியில் கிடந்தால் காற்று போதவில்லை அல்லது சல்லடை மூடியிருக்கிறது. மன்னையில் முளைத்தது அத்தனையும் முற்றிய மணிதான். கருக்காய் அப்படிப் பச்சை கட்டி முளைக்காது.

---

தாளடி

சிஆர் 1009 பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதலில் நேரம். பனி விலகி தாள் உலர்ந்த பிறகு, பத்து மணிக்கு மேல் தொடங்குங்கள். வண்டி காலையிலேயே வந்து நின்றுவிட்டது, மணிக்கணக்கு ஓடுகிறது என்ற அவசரத்தில்தான் ஈரத்தில் இறக்குகிறோம். வண்டி வயலில் இறங்கும் நேரத்திலிருந்துதான் வாடகை என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

கதிரில் 80 முதல் 85 சதவீத மணி வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் அறுக்கலாம், மணி ஈரம் 20 முதல் 24-க்குள் இருக்கும். அதைத் தாண்டிக் காயவிட்டால் ரீல் பட்டதும் உதிரும், பகல் வெயிலும் இரவுப் பனியும் மாறி மாறிப் பட்டு மணிக்குள் வெடிப்பு விழும். அந்த நெல் வெளியே முழுசாகத் தெரியும், ஆலையில் நொய்யாகப் போகும். தண்ணீரை அறுப்புக்குப் பத்து நாள் முன்பே வடித்துவிட்டீர்கள்தானே? இன்னும் நின்றால் இன்றே மடையை வெட்டுங்கள்.

சாய்ந்த கால்வாசிக்கு: எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறதோ அதற்கு எதிர்முகமாக வண்டி வர வேண்டும், அதாவது கதிர் வண்டியைப் பார்த்துக் கிடக்க வேண்டும். பக்கவாட்டில் சாய்ந்ததை ஓரளவு அறுக்கலாம். வண்டி போகும் திசையிலேயே படுத்த பயிரை அறுத்தால் கத்தி கதிருக்கு மேலே போய்விடும், பாதி தரையிலேயே தங்கும். அந்தத் துண்டுக்கு ஒருபக்கமாக அறுத்து, வெறுமனே திரும்பி வந்து, மீண்டும் அறுக்க வேண்டியிருக்கும். நேரம் கூடும், ஒப்புக்கொள்ளுங்கள். ரீலை முன்னால் தள்ளி, தாழ இறக்கி, ரீல் விரல்களைப் பின்னோக்கிச் சாய்த்து வைத்தால் படுத்த தாளைத் தூக்கிக் கொடுக்கும். நகரும் வேகம் பாதியாக இருக்கட்டும். நல்ல பயிரையும் சாய்ந்த பயிரையும் ஒரே வீச்சில் அறுக்காமல் தனித்தனியாக அறுத்தால், ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை ரீலை மாற்றினால் போதும்.

நிமிர்ந்த பயிரில் ரீல் கதிருக்குச் சற்றுக் கீழே தாளைத் தொட வேண்டும். கதிர்மேலேயே அடித்தால் உதிரும். ரீல் நுனி வேகம் வண்டி வேகத்தைவிட 10 முதல் 25 சதவீதம் கூடுதலாக இருந்தால் போதும். மணிக்கு 3 கி.மீ. ஓடும் வண்டியில் 90 செ.மீ. விட்ட ரீல் நிமிடத்துக்கு 20 முதல் 22 சுற்று சுற்றும். ரீல் கட்டை ஒன்றில் சிவப்புத் துணி கட்டிவிட்டு வரப்பில் நின்று எண்ணலாம். உங்கள் முதல் வயலில் வெளியே 18 மணிதான் கிடந்தது, ஆகவே ரீலில் பெரிய குறை இல்லை. வேகத்தைக் குறைக்கும்போது ரீலையும் சேர்த்துக் குறைக்க வேண்டும், அதை மட்டும் சொல்லுங்கள். நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள்.

கத்தி விஷயம் சுருக்கமாக. பிளேடு நுனி கீழ்த்தகட்டில் படிந்து ஓட வேண்டும். பிளேடு மழுங்கியிருந்தால் ஈரநிலத்தில் தாளை அறுக்காமல் வேரோடு பிடுங்கும், மண் டிரம்முக்குள் போகும். அறுத்த பிறகு வயலில் நிற்கும் கட்டை நுனி சீராக வெட்டுப்பட்டிருக்கிறதா, நார் நாராகக் கிழிந்திருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

எவ்வளவு உயரத்தில் அறுப்பது என்பது மாட்டுக்காரரும் வண்டிக்காரரும் ஒத்துப்போகாத இடம். தாழ அறுத்தால் வைக்கோல் கூடும், ஆனால் அத்தனை தாளும் டிரம் வழியாகப் போக வேண்டும். ஒரு கை அளவு உயர்த்தினால் சுமை நன்றாகவே குறையும். சிஆர் 1009 தாள் தடிமனானது. வைக்கோல் கண்டிப்பாக வேண்டும் என்றால் தாழ அறுங்கள், அதற்கேற்ப மெதுவாக ஓடச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

---

வரப்புக்கணக்கு

மெதுவாக ஓட்டச் சொன்னால் வாடகை ஏறும் என்ற பயம் எல்லாருக்கும் இருக்கிறது. நாமேதான் "சீக்கிரம் ஓட்டுப்பா" என்று வரப்பிலிருந்து கை காட்டுகிறோம். கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

2 மீட்டர் கத்தி, மணிக்கு 3 கி.மீ. ஒரு ஏக்கரில் நேர் ஓட்டம் மட்டும் 40 நிமிடம். 4.5 கி.மீ. என்றால் 27 நிமிடம். மிச்சம் 13 நிமிடம். மூலையில் திரும்புவது, டேங்கைக் கொட்டுவது எல்லாம் எந்த வேகத்திலும் அதே நேரம்தான் எடுக்கும். வாடகை மணிக்கு 2,400 என்று வைத்தால் 13 நிமிடம் 520 ரூபாய். இழப்பு 3 சதவீதம் கூடினால் 2,200 கிலோவில் 66 கிலோ. குவிண்டால் 2,500 என்றால் 1,650 ரூபாய். 30 மீட்டரை 36 விநாடியில் கடந்தால் அது 3 கி.மீ. வேகம். செல்போனில் நேரம் பார்த்தே ஓட்டுநரிடம் சொல்லலாம்.

நேரத்தை மிச்சம் பிடிக்க வேறு இடம் இருக்கிறது. டேங்க் நிறையும்போது டிராக்டர் டிரெய்லர் வரப்போரம் தயாராக நிற்கட்டும். நாலு மூலையிலும் வண்டி திரும்பும் அளவுக்குக் கையால் அறுத்து வைத்துவிட்டால் முன்னும் பின்னுமாக ஆடும் நேரம் போகும். வயல் நீளவாக்கில் ஓடவிடுங்கள்.

---

விதைநெல்_குடவாசல்

ஒரு விஷயம் விட்டுப்போனது. சிஆர் 1009-லிருந்து விதைக்கு எடுப்பதாக இருந்தால் அந்த வண்டி முந்தைய வயலில் என்ன அறுத்தது என்று கேளுங்கள். வெளிமாவட்ட வண்டி என்றால் கட்டாயம். டேங்க் காலியாகத் தெரிந்தாலும் எலிவேட்டர் அடி, ஆகர் தொட்டி, ரிட்டர்ன் குழாய், சல்லடை இடுக்கு ஆகியவற்றில் கிலோக்கணக்கில் பழைய நெல் தங்கும். அடிமூடிகளைத் திறந்து வெறும் வண்டியைச் சில நிமிடம் ஓட்டி, முடிந்தால் காற்றடித்து எடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் முதல் டேங்க் நெல்லை விதைக்கு எடுக்காதீர்கள், விற்பனைக்குப் போகட்டும். கலப்பு நெல் மட்டுமல்ல, களை விதையும் இப்படித்தான் ஊர் மாறுகிறது.

கொள்முதல் நிலையத்துக்குப் போகும் நெல்லில் மண், கல் 1 சதவீதம், பதர், தாள் போன்றவை 1 சதவீதம், முற்றாத சுருங்கிய மணி 3 சதவீதம் வரை ஏற்பார்கள். பட்டறை சொன்ன மாதிரி தகட்டை ஒரு படி திறந்தால் டேங்கில் கொஞ்சம் பதர் கூடும். களத்தில் ஒருமுறை தூற்றினால் போய்விடும். தரையில் விழுந்த நெல்லை அப்படி எடுக்க முடியாது.

---

மன்னை_சம்பா

எல்லாருக்கும் நன்றி. திராட்டில், 36 விநாடி, பத்து மணிக்கு மேல், சாய்வுத் தகடு, சல்லடை என்று எழுதி வைத்துக்கொண்டேன். ஒரு சந்தேகம் மிச்சம். டயர் வண்டி வாடகை குறைவு. வயல் காய்ந்துவிட்டால் டயர் வண்டியை விடலாமா, இழப்பில் வித்தியாசம் வருமா?

---

பட்டறை_திருவாரூர்

வண்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பெரிய டயர் வண்டிகள் பலவற்றில் டிரம் குறுக்கே இருக்கும், பிரியாத நெல்லைப் பின்னால் உள்ள உதறு பெட்டிகள் தாளை உதறி எடுக்கும். கோதுமைக்கு நன்றாக வேலை செய்யும் அமைப்பு. காய்ந்த நெல் தாளிலும் சரியாகவே வரும். பச்சைத்தாளில் உதறல் பலிக்காது, வேகம் கூடினால் ஓர் எல்லை வரை இழப்பு மெல்ல ஏறி, அதைத் தாண்டியதும் திடீரென்று எகிறும். கோதுமைக்குப் போடும் வரிப்பட்டை டிரம்மைக் கழற்றி நெல்லுக்குப் பல் டிரம் போட்டிருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். இல்லாவிட்டால் வேண்டாம்.

சிஆர் 1009-க்குப் பின் உளுந்தோ பயறோ போடுவதாக இருந்தால் டயர்த் தடம் இன்னொரு தலைவலி. குதிகாலால் ஊன்றிப் பாருங்கள். இரண்டு விரல் ஆழம் இறங்கினால் அந்த வயலுக்குப் பெல்ட் வண்டிதான். சாய்ந்த பகுதி இருக்கிறது, தாளும் தடிமன், கத்தி அகலமான டயர் வண்டியில் ரீல் ஏற்ற இறக்கம் சரியாகப் பார்க்கும் ஓட்டுநர் கிடைத்தால் ஒழிய உங்கள் 2 ஏக்கருக்குப் பெல்ட்டே விடுங்கள்.

அறுக்கத் தொடங்கி முதல் இரண்டு சுற்று முடிந்ததும் நிறுத்தி எண்ணிவிடுங்கள். சிஆர் 1009, ஏக்கருக்கு 2,400 கிலோ என்று வைத்தால் அகலம் முழுக்கச் சராசரி சதுர அடிக்கு 24 மணி ஒரு சதவீதம். வைக்கோல் வரிசையில் 45-க்குள்ளும் நடுவில் 5-க்குள்ளும் இருந்தால் தொடர்ந்து ஓடலாம். வரிசையில் 90-ஐத் தாண்டினால் அங்கேயே நிறுத்தி, திராட்டில் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு மேலே போகவும்.